மேடையில் இன்னொரு கை

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம், "கையை ஆட்டப் போறேன்" என்றுதான் சொல்லி வருகிறேன். வெளியாட்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் அரங்கத்துப் பாடகர் குழு எனக்குப் பிரிவு உபசார விருந்து கொடுத்த அன்று, புதிதாகச் சேர்ந்த பெண்கள் மட்டும் விடவில்லை. "அந்தக் கை கதையை நீங்களே எழுதிருங்க மேடம், ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க" என்றார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி என்ன வேண்டிக் கிடக்கிறது? நடந்தது ஒரே மாதிரிதான். எழுதிவிடுகிறேன்.

பெயர் கோமதி. திருநெல்வேலி டவுன்காரி. துபாயில் அல் குசைஸ் பக்கம் ஓர் இந்தியப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டால் ஆப்பரா பாடகி. ஆப்பரா என்பது முழுக் கதையையும் பாட்டாகவே பாடி நடிக்கிற மேற்கத்திய இசை நாடகம். மைக் கிடையாது. கீழே அத்தனை வாத்தியங்களும் முழங்கும்போது, அவற்றைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வயிற்றிலிருந்து பாட வேண்டும். "துபாய்ல போய் ஆப்பராவா?" என்று ஊரில் கேட்பார்கள். ஏன், இங்கே இல்லாதது எது? அரங்கம் இருக்கிறது, ஊர் ஊராகப் போகிற கம்பெனிகள் வருகின்றன, கூட்டமாகப் பாடவும் சின்னச் சின்ன வேடம் கட்டவும் உள்ளூரில் ஆள் வேண்டும். அந்த உள்ளூர் ஆட்களில் ஒருத்தி நான். மஸ்கட், மனாமா, தோஹா என்று எல்லா இடமும் போய்ப் பாடிவிட்டு வந்திருக்கிறேன்.

சின்ன வயதில் கற்றது கர்நாடக சங்கீதம். மற்ற பெண்பிள்ளைகள் ஐந்து கட்டை சுருதியில் பாடுவார்கள். எனக்கு மூன்று கட்டைதான் ஒத்துவரும், அதற்கு மேல் ஏற்றினால் தொண்டை கிறீச்சிடும். "ஆம்பளச் சாரீரம்" என்று தெரு முழுக்கப் பெயர். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனது. அடுத்து வந்த மாப்பிள்ளை, "இன்னொரு பாட்டு பாடச் சொல்லுங்க" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிற வேலை, அதற்காகத்தான் துபாய் வந்தோம்.

வந்த இடத்தில் எங்கள் கட்டடத்தில் ஓர் ஆர்மீனிய அம்மாள் குடியிருந்தார். ஒருநாள் கதவைத் தட்டி, "அடுக்களையில் பாடுவது யார்?" என்று கேட்டார். சத்தம் தொந்தரவு போலிருக்கிறது என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவரோ என்னைக் கையோடு தன் வீட்டுக்கு இழுத்துப் போய் பியானோவின் முன்னால் நிறுத்தினார். "உன் குரலில் என்ன குறை? இது மெஸ்ஸோ சொப்ரானோ" என்றார். பெண் குரலில் உச்சத்தில் பாடுகிறவர்கள் சொப்ரானோ. அதற்கு ஒரு படி கீழே, கொஞ்சம் கனமாக, கொஞ்சம் இருட்டாக இருப்பது மெஸ்ஸோ. இத்தனை வருடம் வியாதி என்று சொல்லப்பட்டதற்கு ஒரு மரியாதையான பெயர் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து வெங்காயம் அரிகிற சாக்கில் அழுதேன். பிறகு பல வருடம் வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம் பாடம். அதைப் பற்றி எழுதினால் மூச்சுப் பயிற்சியைப் பற்றித்தான் எழுத வேண்டிவரும், உங்களுக்கு அலுத்துவிடும்.

மெஸ்ஸோவின் பெருமையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கதாநாயகி வேடம் பெரும்பாலும் சொப்ரானோவுக்குப் போகும். அவள் காதலிப்பாள், கடைசியில் சாவாள், அவ்வளவுதான் அவள் பாடு. மீதிப் பெண்கள் அத்தனை பேரும் நாங்கள்தான். அம்மா, மாமியார், தாதி, சூனியக்காரி, குறி சொல்கிறவள், கன்னிமாடத்துத் தலைவி, கதாநாயகிக்குக் குழி பறிக்கிறவள், எல்லாம் எங்கள் கணக்கு. அது போதாதென்று ஆண் வேடமும் உண்டு. மீசை அரும்புகிற வயதுப் பையன், இளவரசன் என்றால் பெண்ணுக்குக் கால்சட்டை மாட்டி மெஸ்ஸோவைப் பாட விடுவார்கள், அது அங்கே பழங்கால வழக்கம். நான் ஒரே வாரத்தில் பல் போன கிழவியாகவும் பதினைந்து வயதுப் பையனாகவும் பாடியிருக்கிறேன். கிழவிக்குக் குரலை நடுக்கினால் அது மிமிக்ரி. நான் நடுக்க மாட்டேன். சொல்லுக்கு முன்னால் மூச்சைக் கொஞ்சம் தாமதமாக எடுப்பேன், வயது தானாக வந்துவிடும். பையனுக்கு அதே மூச்சை முந்திக்கொண்டு எடுக்க வேண்டும். எந்தத் தெருவில் 'ஆம்பளச் சாரீரம்' என்றார்களோ, அந்தச் சாரீரத்துக்காகவே எனக்குக் கால்சட்டை தைத்தார்கள்!

எங்கள் வாத்தியக் குழுவை நடத்துகிறவரை மேஸ்த்ரோ என்று கூப்பிடுவோம். ஐரோப்பியர், ஒல்லி, வழுக்கை. கத்த மாட்டார். தப்பு நடந்தால் குச்சியைத் தாழ்த்துவார். எல்லா வாத்தியமும் நிற்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து, ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைப்பார். அவர் துடைத்து முடிக்கும்வரை தப்புச் செய்த ஆளுக்கு உயிர் போய் உயிர் வரும். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரரிடம் தீப்பெட்டி கேட்கிற குரலில், என்ன தப்பு என்று சொல்வார். எனக்கு அவரைக் கண்டால் பயம். அதைவிட அதிகமாகப் பிடிக்கும்.

அவரிடம் நான் மாட்டியது ஓர் ஆட்டிடையப் பையன் வேடத்தில். மேடையில் தனியாக உட்கார்ந்து பாடுகிற பாட்டு, எனக்குக் கிடைத்த முதல் முழுப் பாட்டு. மூன்று மூன்றாகப் போகிற நடை. சங்கீதம் கற்றவர்களுக்குத் தெரியும், பாட ஆரம்பித்தால் நம் கை நம்மைக் கேட்பதில்லை. என் வலது கை தன்பாட்டுக்குத் தொடையில் விழுந்து ரூபக தாளம் போட்டுக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நம்மூர் மாமா ஒருவர், கச்சேரி என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் என்னோடு சேர்ந்து தொடையில் போட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பின்னால் நின்ற கிழட்டு இடையனுக்கு நான் முடித்ததும் பாட வேண்டிய முறை. அவர் மேஸ்த்ரோவைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துவிட்டார். கை திரும்பியதைத் தனக்கான ஜாடை என்று எடுத்துக்கொண்டு முன்னாடியே ஆரம்பித்துவிட்டார். அவர் ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம். சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது.

காட்சி முடிந்ததும் மேஸ்த்ரோ மேடைக்குப் பின்னால் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"மேடம் கோமதி, குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த அரங்கத்தில் ஒரு கைதான் அசையும். அது என் கை. உங்கள் கை அடங்கும்வரை நீங்கள் தனியாகப் பாட வேண்டாம்" என்றார்.

சரிதானே அவர் சொன்னது? கோரஸில் பின்வரிசைக்குப் போனேன். வீட்டில் எலுமிச்சம்பழத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு சாதகம் செய்தேன். பழம்தான் நசுங்கியது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏட்டி, வீட்ல சர்பத்துக்குப் பஞ்சமே இல்ல போ" என்று கேலி பண்ணுவார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. கால்சட்டை வேடம் எல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு? இந்த நாசமாய்ப் போன கையால் கோரஸிலேயே நின்று கிழவியாகிவிடுவேனோ என்று ராத்திரி தூக்கம் பிடிக்காது. கோரஸில் பக்கத்தில் நிற்கும் பிலிப்பினோப் பெண் பாட்டு முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பார்க்கிறவர்கள் எங்களை உயிர்த்தோழிகள் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டு சீசன் இப்படிப் போனது. பிறகு ஒரு கம்பெனி, யாரும் அதிகம் போடாத ஒரு பழைய இத்தாலிய நாடகத்தை எடுத்துக்கொண்டு வந்தது. வீண்பழி சுமந்து நாடு கடத்தப்படும் இளவரசன், சிறையில் கிடக்கும் தாயிடம் விடைபெற்றுப் போகிற கதை. இளவரசன் வேடத்துக்கு எலேனா என்று ஒரு பேர்பெற்ற மெஸ்ஸோ. அவர் வந்து சேர நாளாகும் என்பதால், ஒத்திகைக்கு அதுவரை இளவரசன் பாட்டைப் பாட ஆள் தேவைப்பட்டது. கோரஸில் யாருக்குத் தெரியும் என்று மேஸ்த்ரோ கேட்டார். நான் கையைத் தூக்கினேன். எங்களுக்கெல்லாம் பாட்டு காதுவழியாக ஏறித்தானே பழக்கம்? என் வரியை மட்டும் படித்துவிட்டு நிற்க எனக்குத் தெரியாது. நாடகம் மொத்தத்தையும் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணிவிடுவேன்.

"உட்கார்ந்து பாடுங்கள். கை மேஜைக்கு அடியில் இருக்கட்டும்" என்றார் மேஸ்த்ரோ.

மேஜைக்கு அடியில் கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அப்படிப் பாடிய கடைசி நாளில் எலேனா வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். குனிந்து என் கையைப் பார்த்தார்.

நாடகம் அரங்கேறியது, முதல் இரண்டு காட்சிகளும் ஜேஜே என்று போயின. அடுத்த காட்சிக்கு முன்னால் ஒருநாள் ஓய்வு. அதற்கு மறுநாள் நான் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது தயாபரன் போன் செய்தான். தயாபரன் எங்கள் மேடை நிர்வாகி, யாழ்ப்பாணத்துப் பையன்.

"அக்கா, எங்க நிக்கிறியள்?"

"பள்ளிக்கூடத்துலதான். என்னப்பா?"

"பிள்ளையளை ஆரிட்டையாவது விட்டுட்டு கெதியா வாங்கோ. இளவரசனுக்குச் சத்தம் வரேல்லை."

எலேனா முந்தின நாள் பாலைவன சஃபாரி போயிருக்கிறார். ஜீப் மணல்மேட்டில் ஏறி இறங்க, ஜன்னலைத் திறந்துவிட்டு ஓஹோ என்று கத்திக்கொண்டே போயிருக்கிறார். பாடகிக்கு இது தேவையா? காலையில் எழுந்தால் காற்றுத்தான் வருகிறது, குரல் இல்லை. டாக்டர் கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த நாடகம் தெரிந்த இன்னொரு மெஸ்ஸோ சாயங்காலத்துக்குள் விமானம் பிடித்து வந்து சேர வழியில்லை. கலாஸ், முடிந்தது கதை, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் அரங்கத்து மேலாளர். அப்போது மேஸ்த்ரோதான் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

என்னை இளவரசனாக மேடையேற்ற முடியாது. கத்திச் சண்டை எனக்குத் தெரியாது. எலேனாவின் கோட்டை எனக்குப் போட்டால் புடவை மாதிரி தரையைப் பெருக்கும். இந்த மாதிரி நேரத்துக்கு ஆப்பராவில் ஒரு வழக்கம் உண்டு. தொண்டை கெட்டவர் வேடம் கட்டி நடித்து வாயசைப்பார். பாட்டு தெரிந்தவர் மேடையின் ஓரத்தில், சபைக்குத் தெரியும்படியே, கறுப்பு உடையில் நின்று பாடுவார். முன்னால் ஒரு ஸ்டாண்டு, அதில் பாட்டுத் தாள், ஒரு சின்ன விளக்கு. அவ்வளவுதான்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்போ பின்னணிப் பாடகின்னு சொல்லு! இந்தா கெளம்பி வாரேன், எனக்கு ஒரு சீட்டு போட்டு வையி" என்றார். "பின்னணியில தப்பு வந்தா இன்னொரு டேக் எடுக்கலாம். இங்க உயிரே போனாலும் டேக் கிடையாது" என்றேன். "நீ பாடு. உயிரை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

ஒத்திகைக்குக் கிடைத்தது சொற்ப நேரம். மேஸ்த்ரோ இரண்டே விஷயம் சொன்னார். ஒன்று, எலேனாவின் முதுகைப் பாருங்கள். அவர் மூச்சு எடுக்கும்போது தோள்பட்டைக்குக் கீழே விரியும், நீங்களும் அப்போது எடுங்கள். இரண்டாவது சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்தார். "இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் தலையாட்டினேன். இது எனக்குக் கிடைத்த மறுவாய்ப்பு என்று இரண்டு பேருக்கும் தெரியும். இன்றைக்கும் கை அசைந்தால் அதற்கப்புறம் பின்வரிசைதான், அதையும் அவர் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

முதல் பாதி தொடங்கியது. என் குரல் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காட்சி ஒட்டவில்லை. நடை சீராகப் போகும் பாட்டுகளில் எலேனா மேஸ்த்ரோவின் குச்சியைப் பார்த்து வாயசைத்துவிடுவார். இடையில் பேச்சும் பாட்டுமாக வருகிற இடங்கள் உண்டு. நம் விருத்தம் மாதிரி, தாளம் கிடையாது. ஒற்றை வாத்தியம் மட்டும் துணைக்கு. மேஸ்த்ரோவே குச்சியை வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அங்கே நான் எப்போது தொடங்குவேன், எங்கே இழுப்பேன் என்று எலேனாவுக்கு எப்படித் தெரியும்? அவர் வாய் மூடிய பிறகும் என் குரல் கேட்டது. சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிறைக்கு இழுத்துச் செல்லப்படும் தாய் அழுகிற இடத்தில் சிரிப்பு! நான் ஸ்டாண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

இடைவேளையில் எலேனா நேராக என்னிடம் வந்தார். பேச முடியாது அல்லவா? ஸ்டாண்டைப் பிடித்துப் பிடித்துச் சிவந்துபோயிருந்த என் வலது கையை எடுத்தார். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அந்தக் கையை என் தொடையில் வைத்து, தட்டிக் காட்டினார். பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, என் கையைக் காட்டினார்.

"அக்கா, உங்கட கையைப் பாத்து வாயசைக்கலாம் எண்டு சொல்றா. ஒத்திகையில மேசைக்குக் கீழ அண்டைக்குப் பாத்தவவாம்" என்றான் தயாபரன்.

"தெரியுதுப்பா. மேஸ்த்ரோ என்னைக் கொன்னே போடுவாரு. கேட்டுட்டு வந்து சொல்லேன்."

"அவர் கீழ வாத்தியக்காரரிட்டைப் போயிட்டார் அக்கா. மணி அடிக்கப் போறாங்கள்." அவன் என்னைப் பார்த்தான், எலேனாவைப் பார்த்தான், பிறகு கையிலிருந்த டார்ச்சை அணைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். "நான் ஒண்டும் காணேல்லை."

எலேனா இன்னும் என் கையை விடவில்லை. சத்தம் போன ஒரு பாடகியின் கண்ணை நீங்கள் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். நாளைக்குத் தனக்குப் பாட்டே இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் அதில் இருந்தது. அந்தப் பயம் எனக்கும் இரண்டு வருடமாகப் பழக்கம். போனால் போகிறது என்று முடிவெடுத்தேன்.

இரண்டாம் பாதி. சிறைச்சாலைக் காட்சி. எலேனா தாயின் காலடியில், என் பக்கம் முகம் வரும்படி இடம் மாறி உட்கார்ந்தார். ஸ்டாண்டிலிருந்து வலது கையை எடுத்தேன். தாளமில்லாத பேச்சுப் பகுதியில், விருத்தம் பாடுகிறவள் கை எப்படிப் போகுமோ அப்படி அதைப் போகவிட்டேன். சொல் தொடங்கும் முன் கை எழும், இழுக்கிற இடத்தில் காற்றில் நிற்கும், முடிகிற இடத்தில் கவிழும். அவர் உதடு என் கையோடு எழுந்தது, நின்றது, மூடியது. ஒரு மயிரிழை பிசகவில்லை. எனக்கே ஒரு கணம் பாடுவது அவர்தானோ என்று ஆகிவிட்டது.

பிறகு விடைபெறும் பாட்டு. இப்போது குச்சி எழுந்தது. மேஸ்த்ரோ நிமிர்ந்தார், என் கையைப் பார்த்துவிட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வை அது. சரி, தொலைந்தோம் என்று நினைத்தேன். தொலைந்தவளுக்கு இனி என்ன? கையைத் தொடைக்கு இறக்கித் தாளம் போட்டுக்கொண்டே பாடினேன். அவர் போட்ட நடையும் நான் போட்ட நடையும் ஒன்றாகவே விழுந்தன. கடைசியில், "அம்மா" என்று அழைக்கிற ஒரு சொல் நீளமாக நிற்கும். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது பாடுகிறவள் விருப்பம். என் கை காற்றில் நின்றது. கீழே பார்த்தேன். குச்சியும் காற்றில் நின்றது, அத்தனை வாத்தியங்களும் அந்தக் குச்சிக்குக் காத்திருந்தன, குச்சி என் கைக்குக் காத்திருந்தது. இருந்த மூச்சு அத்தனையையும் அதில் கொடுத்தேன். கையைக் கவிழ்த்தேன். எல்லாம் ஒன்றாய் முடிந்தது.

பிறகு கூரை இடிகிற மாதிரி கைதட்டல். அதற்கு நடுவே, மாடியிலிருந்து, "அப்படிப் போடு!" என்று திருநெல்வேலிக் குரல் ஒன்று கேட்டது. யார் குரல் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியில் எல்லாரும் வணங்க வரிசையாக வந்தார்கள். நான் ஓரத்திலேயே நின்றேன். எலேனா வந்து என்னை நடுமேடைக்கு இழுத்துப் போனார். அத்தனை பேருக்கும் முன்னால், இளவரசன் கோட்டோடு, ஒற்றைக் காலில் மண்டியிட்டார். என் வலது கையை எடுத்து முத்தமிட்டார். குரலுக்குப் பாராட்டு அதற்கு முன்னும் எனக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் கைக்கு அதுதான் முதல் மரியாதை. தேம்பித் தேம்பி அழுதேன், கறுப்பு உடையில் மூக்கைத் துடைத்தேன், வெட்கமே இல்லை.

மேஸ்த்ரோ மேடைக்குப் பின்னால் என்னைக் கடந்து போனார். நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்த ஒன்றும் சொல்லாததற்கு அர்த்தம் என்ன என்று கோடை விடுமுறை முழுக்க வீட்டில் விவாதம் நடந்தது. "வேலை போச்சுன்னு அர்த்தம்" என்பேன். "கண்ணாடியில நெசமாவே அழுக்கா இருந்திருக்கும், விடு" என்பார் அவர்.

அடுத்த சீசனுக்கு வேடப் பட்டியல் வந்தது. குறி சொல்கிற கிழவி, பெரிய வேடம், தனிப்பாட்டு உண்டு. அதற்கு நேராக என் பெயர்.

முதல் ஒத்திகைக்குப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று, கிழவியின் சால்வைக்குள் வலது கையைச் சுருட்டி இறுக்கிக்கொண்டு பாட ஆரம்பித்தேன். நான்கு வரிகூடப் போயிருக்காது. மேஸ்த்ரோ குச்சியைத் தாழ்த்தினார். வாத்தியங்கள் நின்றன. கண்ணாடியைக் கழற்றி, துணியை எடுத்து, முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று துடைத்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தீப்பெட்டி கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"மேடம் கோமதி, அந்தக் கையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? வெளியே எடுங்கள். எனக்கு வேண்டும்."